வெட்டிய கூரைகளும் தாழ்ந்த தேர்களும்



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "கவிதையைப் பற்றிப் பேச இங்குப் பலர் உளர், நீங்கள் உங்கள் இரும்பைப் பற்றிப் பேசுங்கள்" என்றனர். தொழிற்பயிற்சி மாணவர்க்கு இரும்பை வெட்டவும் ஒட்டவும் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட ஏற்ற கட்டளை வேறில்லை. பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வாங்கி, வெட்டி, ஒட்டி, உருமாற்றி, ஓட்டி மகிழ்கின்ற ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். இவ்வார்வம் பல நாடுகளில் உண்டு. எனினும் அது முழு உருவம் பெற்ற நிலம் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா. ஆகவே என் பேச்சு பெரும்பாலும் அந்நிலத்தைச் சுற்றியே அமையும்.

பழைய காரின்மீது காதல் கொண்டோர் இரு திறத்தினர். ஒரு திறத்தினர் மீட்பவர்கள். தொழிற்சாலை வாயிலைக் கடந்த அன்று அந்தக் கார் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதைத் திரும்பக் கொணர்வது அவர்களது நோக்கம். ஒரு திருகாணிக்காக ஆண்டுக்கணக்கில் அலைவார்கள். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் அவர்களின் உள்ளம் அவர்களுக்கு. மற்றத் திறத்தினர் மாற்றுபவர்கள். கைக்குக் கிடைத்த பழைய வண்டியைத் தம் மனத்தில் தோன்றிய வடிவுக்கு மாற்றுவதே அவர்தம் வேலை. உலகம் முதல் திறத்தினரைப் போற்றியது. இரண்டாம் திறத்தினரை நெடுங்காலம் குறும்பர் என்றும், குற்றவாளிகள் என்றும்கூடக் கருதியது. நான் பேச வந்தது இவ்விரண்டாம் திறத்தாரைப் பற்றித்தான்.

1932ஆம் ஆண்டு போர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட ஓர் எஞ்சினை, சாதாரண மக்கள் வாங்கத்தக்க விலையில் ஒரு காரில் பொருத்தி விற்றது. சிலிண்டர்கள் நான்கு நான்காக 'வி' வடிவில் அமைந்த எஞ்சின் அது. ஆற்றல் 65 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது பெரிதன்று. அன்று எட்டு சிலிண்டர் என்பது செல்வர்க்கே உரியது. சில ஆண்டுகள் கழிந்ததும் இக்கார்கள் பழையன ஆயின, விலை வீழ்ந்தது. கையில் பணமில்லாத இளைஞர்க்கு அவை எட்டின. மட்கார்டைக் கழற்றினர், எஞ்சின் மூடியைக் கழற்றினர், ஓடுவதற்கு வேண்டாத எதையும் விட்டுவைக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. நீர் வற்றிய தரை, பலகைபோல் தட்டையாக மைல் கணக்கில் கிடக்கும். அங்கே கொண்டுசென்று விரட்டிப் பார்த்தனர். ஓட்டத்தை ஒழுங்குபடுத்த 1937இல் ஒரு சங்கமும் அமைந்தது. இக்கார்களுக்கே பின்னர் 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இவ்வார்வம் பெருகியது. படையில் எஞ்சின்களைக் கழற்றவும் பூட்டவும் கற்ற இளைஞர்கள் ஊர் திரும்பினர். போரில் மிஞ்சிய பொருள்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. போர் விமானத்தின் அடியில் தொங்கவிடும் எரிபொருள் கலத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீர்த்துளி போன்ற வடிவம். பில் பர்க் என்பவர் 1946இல் அக்கலம் ஒன்றை வாங்கிச் சக்கரமும் எஞ்சினும் பொருத்தி, தாமும் உள்ளே அமர்ந்து ஏரிப்படுகையில் ஓட்டினார். கொலைக் கருவியின் துணைப் பொருள் ஓர் இளைஞனின் விளையாட்டு வாகனமாயிற்று! 1948 சனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஓர் இதழும் தொடங்கிற்று.

அதே காலத்தில் பொதுமக்கள் இவர்களை அஞ்சவும் செய்தனர். நகரத் தெருக்களில் இரவில் பந்தயம் விட்டோர் இருந்தனர், மடிந்தோரும் இருந்தனர். குற்றச்சாட்டு முழுப் பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாலி பார்க்ஸ் என்பார் 1951இல் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டு, பந்தயத்தைத் தெருவிலிருந்து எடுத்து அதற்கென அமைந்த ஓடுதளங்களுக்குக் கொண்டுசென்றது இதனாலேயே.

வேகம் பற்றிய கதை இத்துடன் நிற்கட்டும். என் கை பழகிய தொழில் வேறு. ஆகவே வடிவம் பற்றிய கதைக்கு வருகிறேன்.

ஒரு காரின் கூரையைத் தாழ்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூரையைத் தாங்கும் தூண்களில் மூன்று, நான்கு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினால் போதும் என்று தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும். தூண்கள் நேராக நிற்பவை அல்ல, உள்நோக்கிச் சாய்ந்தவை. நடுவில் ஒரு துண்டை எடுத்ததும் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சந்திக்க மறுக்கும். முன்தூண்கள் பொருந்தினால் பின்புறம் பொருந்தாது. ஆகவே கூரையையே குறுக்கே அறுத்து, இடையில் புதுத் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். அல்லது தூண்களின் சாய்வையே மாற்ற வேண்டும். பிறகு கண்ணாடி. வளைந்த கண்ணாடியை விரிசல் விழாமல் வெட்டுவது தனிக்கலை. அதன்பின் கதவுச் சட்டம், கண்ணாடி ஏறி இறங்கும் தடம், மழைநீர் வழியும் விளிம்பு என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்டு வரும். ஓரடியில் ஒரு சீரை மாற்றியவன் தளையை மட்டுமன்றி எதுகையையும் மோனையையும் சரிபார்க்க நேர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கவிஞர்கள் மன்னிக்க.

ஒட்டிய இடங்களின் தழும்பை மறைக்க அக்காலத்தார் ஈயத்தைப் பயன்படுத்தினர். நம் பட்டறைகளில் டிங்கர் வேலை முடிந்ததும் பட்டி பார்க்கிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் அவர்கள் பூசியது ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம். தகட்டைச் சூடேற்றி, அக்கலவையை வெண்ணெய்ப் பதத்துக்கு இளக்கி, கொழுப்போ மெழுகோ தடவிய மரத்தட்டையால் தள்ளித் தள்ளிப் படியவைப்பார்கள். சூடு சற்றுக் குறைந்தால் ஒட்டாது. சற்று மிகுந்தால் தரையில் சொட்டிவிடும். ஆறியபின் அரத்தால் அராவ வேண்டும். நச்சுப் புகையும் நச்சுத் தூளும் நிறைந்த வேலை. முடிந்தபின் அங்கு ஒரு வேலை நடந்ததற்கான அடையாளமே இருக்கக்கூடாது. கைப்பிடிகளை அகற்றிக் கதவை வழவழப்பாக்கினர்; நிறுவனத்தின் பெயர்ச்சின்னங்களை அகற்றி அத்துளைகளையும் மூடினர். தொழிற்சாலையின் கையொப்பத்தை அழித்துவிட்டுத் தன் கையொப்பத்தை இடாமலே இட்டான் தொழிலாளி.

இவ்வகைக் கார்களை 'கஸ்டம்' என்பர். அவற்றுள் புகழ்மிக்கது ஹிரோஹாட்டா மெர்க். பாப் ஹிரோஹாட்டா என்னும் ஜப்பானிய வழியினரான அமெரிக்க இளைஞர், 1951ஆம் ஆண்டு மெர்க்குரி கார் ஒன்றைப் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். சாம், ஜார்ஜ் என்ற அவ்விருவரும் கிரேக்கக் குடியினர் வழிவந்தவர்கள். கார் 1953இல் முடிந்தது. கதவுக்கும் பின்சன்னலுக்கும் இடையே நிற்கும் நடுத்தூணையே எடுத்துவிட்டு, கூரைக்கோடு முன்னிருந்து பின்வரை ஒரே வளைவாகப் பாயுமாறு செய்திருந்தனர். இரு வேறு பச்சை வண்ணங்கள். இதழ்கள் கொண்டாடின. பிறகு மோகம் மாறியது. 1959இல் ஒரு பள்ளி மாணவர் அதை 500 டாலருக்கு வாங்கினார். பல ஆண்டுகள் அது ஓடாமலும் கிடந்தது. அவர் அதை விற்கவில்லை. வாழ்நாள் இறுதிவரை வைத்திருந்தார். 1953ஆம் ஆண்டின் உருவத்துக்கே அதை மீட்டார். அவர் மறைவுக்குப் பின், 2022 சனவரியில் அது 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

இதில் உள்ள விந்தையைக் கவனியுங்கள். மாற்றப்பட்ட காரே இங்கு மூலமாகிவிட்டது! அதை மீண்டும் 1951ஆம் ஆண்டின் சாதாரண மெர்க்குரியாக மாற்ற ஒருவர் முனைந்தால் அவரைத்தான் இன்று உலகம் பழிக்கும். பெபிள் பீச் என்னும் கடலோர ஊரில் 1950 முதல் நடந்துவரும் கார்க் கண்காட்சி, மீட்பவர்களின் திருத்தலம். அங்கே ஹாட் ராட் கார்களுக்கென ஒரு பிரிவு 1997இல்தான் முதன்முறை ஏற்படுத்தப்பட்டது. டோன் ஸ்பென்சர் என்பார் உருவாக்கிய 1932ஆம் ஆண்டுப் போர்டு அப்பிரிவில் முதலிடம் பெற்றது. வாசலில் நின்றவன் உள்ளே வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

"மூலத்தை வெட்டுவது குற்றம் அன்றோ?" என்று இங்கு ஒருவர் கேட்கலாம். வான்மீகியின் கதையை எடுத்துக் கம்பன் தன் வழியில் ஆக்கினான். அதைக் குற்றம் என்போர் உண்டோ என்று நான் விடை கூறிவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவ்விடை முழுமையானதன்று. கம்பன் பாடியபின்னும் வான்மீகி அப்படியே இருக்கிறார். வெட்டிய கூரையோ வெட்டியதுதான். தகட்டில் செய்த திருத்தத்துக்குக் கைப்படி இல்லை. மீட்பவர்களின் வருத்தத்தில் நியாயம் உண்டு என்று நான் கருதுவது இதனாலேயே. இலட்சக்கணக்கில் வார்த்தெடுத்து, பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த காரை வெட்டியவன் அழித்தவன் அல்லன், உயிர் கொடுத்தவன். எஞ்சியிருப்பவை நூறோ ஐம்பதோ என்ற நிலையில் உள்ள காரின்மேல் அறுப்பு வாளை வைப்பவனைப் பற்றி அவ்வாறு சொல்ல என் நாக்கு எழாது. இன்று 1932ஆம் ஆண்டு வடிவில் புதுத் தகட்டிலேயே உடற்கூடு அடித்து விற்கிறார்கள். அதனால் பழையன பிழைக்கின்றன. வேண்டிய உறுப்புகளை விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிப் பூட்டிவிட்டு "நான் கட்டிய கார்" என்போரும் பெருகிவிட்டனர். அது வேறு துயரம்.

இனி, என் உள்ளத்துக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருகிறேன். ஹாட் ராட் இளைஞர் வேகத்தை நாடிய அதே ஊரில், வேகமே வேண்டா என்ற ஒரு கூட்டத்தாரும் இருந்தனர். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வாழ்ந்த மெக்சிக்க வழியினர் அவர்கள். பெரும்பாலும் பழைய செவர்லே கார்களை வாங்கினர். காரின் உடல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நடை, கோயில் தேர்போல் இருக்க வேண்டும். தாழ்வாக, மென்மையாக என்ற பொருளில் 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்பது அவர்கள் வழக்கு. இக்காருக்கும் இதை ஓட்டுபவர்க்கும் 'லோரைடர்' என்று பெயர். தொடக்கத்தில் டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினர். பிறகு ஸ்பிரிங் சுருள்களை வெட்டினர். விரைந்து செல்வதையே வெற்றி என்று கருதும் நாட்டில், ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு விட்டியர் பெருந்தெருவில் மெல்ல ஊர்ந்து போவதை ஒரு கலையாக்கினர். புதுக் கார் வாங்க இயலாதவன், "என்னைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது" என்று சொன்ன முறை அது. நான் இதை அவ்வாறே புரிந்துகொள்கிறேன்.

பார்த்தார்கள், சட்டமும் பார்த்தது. காரின் எந்த உறுப்பும் சக்கர விளிம்பின் கீழ்மட்டத்துக்குத் தாழ்ந்து இருக்குமாறு மாற்றுதல் கூடாது என்ற விதி 1958இல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு விடை அடுத்த ஆண்டே ஒரு பட்டறையிலிருந்து வந்தது. ரான் அகிர்ரே என்னும் இளைஞர், பழைய விமானங்களிலிருந்து எடுத்த எண்ணெய் அழுத்தப் பம்புகளையும் வால்வுகளையும் தம் கார்வெட் காரில் பொருத்தினார். ஒரு பொத்தானை அழுத்தினால் கார் உயரும். மற்றொன்றை அழுத்தினால் தாழும். காவலர் வரும்போது சட்டத்துக்கு ஏற்ற உயரம். அவர் போனபின் உள்ளத்துக்கு ஏற்ற தாழ்வு! தண்டனையை எதிர்த்து முழக்கமிடாமல், தண்டனைக்குள் அடங்காத ஓர் இயந்திரத்தைச் செய்து காட்டிய இந்தச் சாதுரியத்துக்கு நான் ஆயிரம் முறை கைகூப்புவேன். இன்று அக்கார்கள் தெருவில் முன்சக்கரத்தைத் தூக்கித் துள்ளுகின்றன. டிக்கியில் பேட்டரிகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. எல்லாம் அந்தத் தப்பித்தலின் பிள்ளைகள்.

லோரைடர் கார்களுள் 'ஜிப்சி ரோஸ்' தனித்து நிற்பது. 1964ஆம் ஆண்டுச் செவர்லே இம்பாலா. ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவருடையது. மேனி முழுவதும் இளஞ்சிவப்புப் பின்னணியில் கையால் வரைந்த ரோஜாக்கள். 1974இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் அக்கார் வந்தது; வீட்டுக் கூடங்கள்தோறும் சென்றது. ஆயினும் தெரு அவர்களுக்கு மூடியே இருந்தது. 1979இல் விட்டியர் பெருந்தெருவின் வார இறுதி ஊர்வலங்களைக் காவலர் தடுப்பு வைத்து நிறுத்தினர். பல நகரங்கள் மெல்ல ஊர்ந்து சுற்றிவருவதையே குற்றமாக்கின. நேஷனல் சிட்டி என்ற ஊரில் 1992இல் தடை வந்தது. நெரிசல், அடிதடி என்று குடியிருப்போர் முறையிட்டதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் வாதிடேன். ஆனால் அடிதடியைத் தடுக்க வேறு சட்டங்கள் இருந்தன. மெதுவாகப் போனதற்காகத் தண்டம் கட்டியவர்கள் இவர்களாகத்தான் இருக்க முடியும்.

2017இல் அதே ஜிப்சி ரோஸ் வாஷிங்டன் நகரில், நாட்டின் நினைவுச் சின்னங்கள் சூழ்ந்த திடலில், கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டது. வரலாற்றுச் சிறப்புடைய வாகனங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. அப்போதும் கலிபோர்னியாவில் அந்தத் தடைச் சட்டம் உயிரோடுதான் இருந்தது! சான் ஹோசே, சாக்ரமெண்டோ நகரங்கள் 2022இல் தம் தடையை நீக்கின; மறு ஆண்டு நேஷனல் சிட்டி நீக்கியது. 2023இல் மாநிலச் சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றி, ஊர்தலுக்கு நகரங்கள் விதிக்கும் தடையையும், 1958ஆம் ஆண்டின் தாழ்வு விதியையும் ஒருசேர நீக்கிற்று. 2024 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 66 ஆண்டுகள். முதன்முதல் மணல் மூட்டை அடுக்கியவர்களுள் எத்தனை பேர் அந்நாளைப் பார்க்க இருந்தனர்?

மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்வதாகக் கூறினேன். 'ஈஸி ரைடர்' என்னும் 1969ஆம் ஆண்டுத் திரைப்படம் உங்களுள் சிலர் அறிந்ததே. நீண்ட முன்கவைகளும் அமெரிக்கக் கொடி வரைந்த பெட்ரோல் தொட்டியும் கொண்ட வண்டி ஒன்று அதில் வரும். வேண்டாத உறுப்புகளை வெட்டியெறிந்து கட்டப்படும் இவ்வகை வண்டிக்கு 'சாப்பர்' என்று பெயர். காவல்துறை கழித்துவிட்ட பழைய ஹார்லி வண்டிகளிலிருந்து பிறந்தது அது. படம் உலகெங்கும் ஓடியது. நடிகர்கள் புகழ் பெற்றனர். வண்டியோ நடிகர்களையும் மிஞ்சிற்று. அதை உருவாக்கியவர்கள் கறுப்பினத்தைச் சேர்ந்த இருவர். கிளிஃப் வாஸ், உரிமைப் போராட்டத்தில் பங்கேற்ற புகைப்படக் கலைஞர். பென் ஹார்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் பட்டறை நடத்திய கைத்திறனாளர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அவர்கள் பெயர் பரவலாக வெளிவந்தது. ஹார்டி அதற்குள் 1994இல் மறைந்துவிட்டார். 2014இல் அப்படத்தின் வண்டி என்று சொல்லப்பட்ட ஒன்று 13 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது உண்மையான வண்டிதானா என்ற பூசல் உடனே எழுந்தது. இரும்பு உண்மையானதா என்று ஆராய்ந்த அளவுக்கு, அதைச் செய்த கை யாருடையது என்று தொடக்கத்திலேயே யாரேனும் ஆராய்ந்திருந்தால்! தனிப்பாடல் திரட்டுகளில் 'பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று படிக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு வலி எழுமே, அதே வலிதான் எனக்கும்.

இறுதியாக ஒரு காரைச் சொல்லி அமர்கிறேன். கலிபோர்னியாவுக்குக் கிழக்கே நியூ மெக்சிகோ மாநிலத்தில் சிமாயோ என்ற சிற்றூர் உண்டு. நெசவுக்கும் பழைய வழிபாட்டிடம் ஒன்றுக்கும் பெயர்பெற்ற ஊர். லோரைடர் மரபு அங்கும் வேரூன்றியது. அவ்வூரைச் சேர்ந்த டேவ் என்னும் இளைஞர் 1969ஆம் ஆண்டுப் போர்டு கார் ஒன்றை மாற்றியமைக்கத் தொடங்கினார். வேலை முடியுமுன், 1978இல், விபத்து ஒன்றில் இறந்துபோனார். பாதியில் நின்ற காரை அவர் மனைவியும் உறவினரும் எடுத்து, அவர் எண்ணியவாறே கட்டி முடித்தனர். அதைப் பின்னர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டது. காரின் பெயர் 'டேவின் கனவு'.